கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூர் போய்விட்டு வந்தேன் என்றதும், அந்தச் சுத்தத்தையும் கடைத்தெருக்களையும் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் சகோதரிகளே. அதையெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் ரோடு. இன்னும் சரியாகச் சொன்னால், ரோட்டைக் கடக்கத் தெரியாமல் ஓரத்தில் நின்றுகொண்டு பார்த்தது.

2023 ஜூன் மாதம். என் தங்கைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். "அக்கா, ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன்" என்று போனில் அழுதாள். மதுரை, திருப்பதி, ஒரு தடவை காசி, அவ்வளவுதான் அதுவரை என் யாத்திரை. பாஸ்போர்ட் எடுத்து, திருச்சியில் விமானம் ஏறி, நாலு மணி நேரத்தில் அங்கே போய் இறங்கிவிட்டேன்.

கிளம்பும்போது மனசு சரியில்லை. எங்கள் பெரியவன் காலேஜில் இரண்டாம் வருஷம். மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். நான் முடியவே முடியாது என்றேன். "ஹெல்மெட் இல்லாமே வண்டியைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்புறம் பார்க்கலாம்" என்று கொஞ்சம் இறங்கி வந்தபோது அவன் கேட்டான், "நீ ஒரு நாளாவது போட்டிருக்கியாம்மா? மண்டையிலே தையல் போட்டது உனக்குத்தானே?" என்று. எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. விமானம் ஏறும் வரை அவனோடு சரியாகப் பேசவில்லை.

அவன் சொன்னது நிஜம். 2011-இல் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தஞ்சாவூர் திரும்பும்போது, என் பட்டுப்புடவை முந்தானை வண்டிச் சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. பழைய வண்டியாக வாங்கியது அது. முன்பு வைத்திருந்தவர், பார்வைக்கு நன்றாக இல்லை என்று பின் சக்கரத்துப் புடவைக் காப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் மாட்டாதபடி மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறதாம். விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இடது மணிக்கட்டு முறிவு, காதுக்கு மேலே ஏழு தையல். தையலை முடி மறைத்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் ஹெல்மெட்டோடு முன்னால், நான் கொண்டையும் பூவுமாகப் பின்னால்! பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

தங்கை வீடு உட்லண்ட்ஸ் பகுதியில், ஒன்பதாவது மாடி. போன மறுநாளே கீரை வாங்க நான் மட்டும் இறங்கினேன். எதிர்ப்பக்கம்தான் கடை. நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ரோடு. இரண்டு பக்கமும் கம்பத்தின் உச்சியில் ஆரஞ்சுப் பழம் போல ஒரு உருண்டை விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. ஒரு கார் வந்தது. போகட்டும் என்று நின்றேன். காரும் நின்றது! வழி கேட்கிறானோ என்று பார்த்தேன். உள்ளே இருந்த ஆள் சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன். "நீங்க போங்க" என்று கையைக் காட்டினேன். அவன் "நீங்க போங்க" என்று கையைக் காட்டினான். அதற்குள் பின்னால் மூன்று கார் சேர்ந்துவிட்டது. ஒருவராவது ஹாரன் அடிக்கவேண்டுமே? கப்சிப்! கடைசியில் தள்ளுவண்டியோடு வந்த ஒரு சீனத்துப் பாட்டி என் முழங்கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள்.

நம் ஊரில் ரோடு கடப்பது ஒரு கலை. நடராஜர் அபய ஹஸ்தம் காட்டுவது போல ஒரு கையை நீட்டிக்கொண்டு, வருகிறவன் கண்ணைப் பார்த்தும் பார்க்காததுமாக, அரை அடி அரை அடியாக முன்னேற வேண்டும். பஸ் நமக்கு முன்னால் போகும், ஸ்கூட்டர் நமக்குப் பின்னால் போகும், ஆட்டோ எந்தப் பக்கம் வரும் என்று அந்தப் பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். அங்கே இந்த வித்தை எதுவும் செல்லவில்லை. கோட்டில் கால் வைக்க வேண்டியது, வண்டி நிற்கும். அதை நம்புவதற்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கோடு இல்லாத இடத்தில் கடந்தால் அதற்கும் அபராதமாம். கடக்கும் இடத்துக்கு 50 மீட்டருக்குள் வேறு எங்கேயும் ரோட்டில் இறங்கக் கூடாது. அபராதம் என்றதும் என் கால் தானாகவே கோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டது.

பெரிய ரோடுகளில் பொத்தானை அமுக்கிவிட்டு நிற்க வேண்டும். பச்சை மனிதன் வந்ததும் நடக்கலாம். ஒரு நாள் கைத்தடியோடு வந்த ஒரு தாத்தா, பொத்தானுக்கு மேலே இருந்த பெட்டியில் தன் அட்டையைத் தட்டினார். வயதானவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் அப்படித் தட்டினால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும் என்றாள் தங்கை. 2009-இல் கொண்டுவந்த ஏற்பாடாம். அன்று அந்தத் தாத்தா புண்ணியத்தில், ஆபரேஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த என் தங்கையும் நிதானமாகக் கடந்தாள்.

இதையெல்லாம் பார்த்து, "சிங்கப்பூர்க்காரங்க ரத்தத்திலேயே ஒழுங்கு இருக்கு மாப்பிள்ளை" என்றேன், தங்கை வீட்டுக்காரரிடம். அவர் சிரித்துவிட்டார். "ரத்தமாவது அக்கா! நான் உங்க ஊரு ரத்தம்தானே? மெட்ராஸ்லே எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினவன்தானே?" என்றார்.

வெளிநாட்டு லைசென்ஸை அங்கே மாற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒரு எழுத்துத் தேர்வு உண்டு. 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை முதல் தடவை தோற்றுப் போனாராம்! இரண்டாம் தடவைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராத்திரி கண் விழித்துப் படித்தாராம். லைசென்ஸ் வாங்கிய பிறகும் பயம் போகாது. தப்புக்குத் தப்பு புள்ளி எழுதுவார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 புள்ளி. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். "ரெண்டே ரெண்டு சிவப்பு விளக்குக்கா. அதுக்கு மேலே பஸ்தான்" என்றார். காருக்கு மட்டும் என்ன, கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்கே 1990-இலிருந்து ஏலம். அந்த உரிமையும் பத்து வருஷத்துக்குத்தான். அத்தனை பணம் கொட்டி வாங்கிய காரை யாராவது அவசரத்தில் இடிப்பானா?

சரி, பயம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். ஆனால் என் முடிவு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் தாங்கியது.

தங்கை ஓரளவு நடமாட ஆரம்பித்து, டாக்டரும் காரில் உட்கார்ந்து போகலாம் என்றதும், மலேசியாவில் கூலாய் என்ற ஊரில் இருக்கும் மாப்பிள்ளையின் மாமா வீட்டுக்குக் கிளம்பினோம். உட்லண்ட்ஸிலிருந்து மலேசியா எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம். நடுவில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் கடற்பாலம், 1924-இல் திறந்தது. கிளம்புவதற்கு முன் பெட்ரோல் போட்டார். "அங்கே விலை குறைச்சலாச்சே, அங்கேயே போட்டுக்கலாமே?" என்று என் குடும்பப் புத்தி கேட்டது. எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்று தெரிந்தே, முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்டக் கூடாது என்று 1991-இலிருந்து சட்டம் போட்டிருக்கிறார்களாம். நம்மைவிடக் குடும்பப் புத்தி உள்ள அரசாங்கம்!

எதிர்த் திசையில் மோட்டார் சைக்கிள்கள் சாரி சாரியாக வந்துகொண்டிருந்தன. மலேசியாவிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கான பேர் இப்படிச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து போகிறார்களாம். எல்லாரும் சட்டைக்கு மேலே ஒரு கோட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள். பொத்தான் முதுகுப் பக்கம்! காற்றும் தூசியும் மார்பில் அடிக்காமல் இருக்கவாம். நல்ல யோசனை.

பாலம் தாண்டியது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். அதற்கு அப்புறம்தான் பார்த்தேன், என் பக்கத்துச் சீட்டில் வண்டி ஓட்டுவது வேறு ஒரு மனிதர்!

அதே மாப்பிள்ளை, அதே கார்தான். ரோட்டின் இடது பக்கம் ஓட்டுவதும் அதே. ஆனால் தோள் இறுகிவிட்டது. முன்னால் போகிற வண்டியோடு ஒட்டிக்கொண்டார். சிங்கப்பூரில் விரைவுச் சாலையில்கூட அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகம்தான், இங்கே நெடுஞ்சாலையில் 110. முள் 110-ஐத் தாண்டுவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்படியும் போதவில்லை. பின்னால் வந்த ஒருத்தன் கண்ணைப் பறிக்கிற மாதிரி விளக்கை அடித்து அடித்து, "தள்ளு, தள்ளு" என்றான். இவர் இடது பக்கம் ஒதுங்கினார். அடுத்த நிமிஷம் இவரே இன்னொருத்தர் முதுகில் விளக்கை அடித்தார்.

"மாப்பிள்ளை, உங்க பன்னெண்டு புள்ளி எங்கே போச்சு?" என்றேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு அக்கா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "இங்கே நாம மட்டும் மெதுவாப் போனா நம்மளை ஏறி மிதிச்சுட்டுப் போயிடுவாங்க."

பின் சீட்டிலிருந்து தங்கை, "நல்லா இருக்கே! அந்தப் பக்கம் மனுஷன் மனுஷிக்கு நிக்கிறீங்க, இந்தப் பக்கம் பறக்கிறீங்க. வயித்திலே தையலோட நான் உட்கார்ந்திருக்கேன்" என்றாள். வேகம் 90-க்கு இறங்கியது. பெல்ட் மட்டும் நாங்கள் எல்லாரும் போட்டிருந்தோம், பின் சீட்டில் தங்கை உட்பட. சிங்கப்பூரில் 1993 முதலும் மலேசியாவில் 2009 முதலும் பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். நம் நாட்டிலும் சட்டம் உண்டு. ஆனால் 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்து விபத்தில் இறந்த பிறகுதான், பின்னால் பெல்ட் என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டில் பேச்சுக்கு வந்தது.

இதனால் மலேசியாக்காரர்கள் எல்லாரும் முரடர்கள் என்று நினைக்க வேண்டாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் அவர்களும் கோட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள், இந்தப் பக்கம் வந்தால் சிங்கப்பூர்க்காரர்களும் பறக்கிறார்கள். அங்கேயும் நல்ல ஏற்பாடுகள் உண்டு. கூலாய் போகும்போது மழை கொட்டிற்று. மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்கென்றே கூரை போட்டு இடம் விட்டிருந்தார்கள். நம் ஊரில் மழை வந்தால் பாலத்துக்கு அடியில் ரோட்டின் பாதி வரை வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்போமே, லாரி வந்தால் என்ன கதி? இன்னொன்று, பட்டப்பகலிலும் மோட்டார் சைக்கிள்களில் முன்விளக்கு எரிந்தது. 1992-இலிருந்தே அங்கே அப்படித்தானாம். எதிரே வருகிறவன் கண்ணில் படத்தான். நம் நாட்டில் 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் விளக்கு தானாக எரிகிறது, அணைக்க விசையே கிடையாது. அது தெரியாமல் எங்கள் தெருக்காரர்கள் இன்னும் கையை விரித்து விரித்து மூடி, "லைட் எரியுது" என்று எச்சரிக்கிறார்கள். நானும் பல பேருக்கு அப்படிச் செய்து புண்ணியம் தேடிக்கொண்டவள்தான்!

ஊர் திரும்பிய பிறகு என் சின்னவன் கணக்குகளைத் தேடிக் கொடுத்தான். 2022-இல் ரோடு விபத்தில் இறந்தவர்கள் சிங்கப்பூரில் 108 பேர், மலேசியாவில் 6,080 பேர், நம் தமிழ்நாட்டில் 17,884 பேர். சிங்கப்பூர் குட்டித் தீவுதானே என்று சமாதானம் சொல்லலாம் என்றால், ஜனத்தொகையை வைத்து வகுத்துப் பார்த்தாலும் அவர்களைப் போலச் சுமார் பன்னிரண்டு மடங்கு நாம். மலேசியாவில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். அந்தப் பாதியில் ஒருவருடைய அக்காவைத்தான் அன்று சாயங்காலம் நான் பார்த்தேன்.

கூலாயிலிருந்து திரும்பும் வழியில் ஜோகூர் பாருவில் ராஜகாளியம்மன் கோயிலுக்குப் போனோம். 2009-இல் கண்ணாடிச் சில்லுகளால் இழைத்த கோயில். சுவர், தூண், கூரை எல்லாம் ஒரே கண்ணாடி. விளக்கு ஒன்று ஏற்றினால் ஆயிரமாகத் தெரிகிறது. அதைப் பற்றியே தனியாக எழுதலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வாசலில் நடந்தது.

செருப்பை விட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பது வயசிருக்கும், ஒரு அம்மாள் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நம் தமிழ் முகம். சுடிதார், அதன் மேல் முன்பின்னாக மாட்டிய கோட்டு, தலையில் ஹெல்மெட். பட்டையை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றினார். பின்னல் தொங்கியது. வண்டிப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம்! அதை எடுத்துத் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்த்து ஒரு ஊசியைக் குத்திக்கொண்டு, சாவதானமாகக் கோயிலுக்குள் நடந்தார்.

நான் அசந்து போய் நின்றேன். பன்னிரண்டு வருஷமாக "பூ கசங்கும், கொண்டை கலையும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு, அந்த டப்பாவுக்குள் இருந்தது.

பிரகாரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை நாலரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாராம். "ஹெல்மெட் இல்லேன்னா போலீஸ் பிடிப்பாங்களோ?" என்றேன்.

"சமான் போடுவாங்கதான் அக்கா" என்றார். அபராதச் சீட்டுக்கு அங்கே சமான் என்று பெயர். "ஆனா நான் சமானுக்குப் போடலே. என் தம்பி மோட்டர்லேதான் போயிட்டான். ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான், பட்டையைத்தான் மாட்டலே. அது ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்." சொல்லிவிட்டுத் திருநீறை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். "தொப்பி மாதிரி சும்மா வச்சா அது சும்மாதான் அக்கா. கட்டணும்."

எனக்குக் காதுக்கு மேலே அந்த ஏழு தையல் இடம் குறுகுறுவென்றது. அன்றைக்கு ராத்திரி பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் மாப்பிள்ளை மறுபடியும் பழைய மாப்பிள்ளை ஆகிவிட்டார். கோட்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண்ணுக்காக வண்டியை நிறுத்தினார். நான் எதுவும் கேலி செய்யவில்லை.

ஊருக்கு வந்த முதல் வாரம் பழைய பஸ் ஸ்டாண்டு அருகில், சிங்கப்பூர் ஞாபகத்தில் வெள்ளைக் கோட்டில் கம்பீரமாக இறங்கிவிட்டேன். மினி பஸ் ஒன்று முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. "வீட்டிலே சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று கிளீனர் பையன் கத்தினான். நடராஜர் கை தானாக உயர்ந்துவிட்டது.

மறுநாளே ஹெல்மெட் கடைக்குப் போனேன். "லேடீஸ்க்கு இது நல்லாப் போகுதுங்க" என்று அரைக் கிண்ணம் போல ஒன்றை எடுத்து வைத்தார்கள். காது வெளியே தெரிந்தது. எனக்கு அடிபட்ட இடமே அதுதானே! வேண்டாம் என்று காதை மூடுகிற மாதிரி கேட்டேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள் சகோதரிகளே. 2021 ஜூனிலிருந்து அந்த முத்திரை இல்லாததை விற்கவே கூடாது, ஆனாலும் தெருவோரத்தில் விற்கிறார்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று 2015-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, ஜூலை முதல் தேதியிலிருந்து கட்டாயமாயிற்று. அப்போது நாலு நாள் பேசிவிட்டு மறந்தவர்களில் நானும் ஒருத்தி. இன்னொரு விஷயம், உயரக் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலேயே ஆடும். தாழப் பின்னிக்கொள்ள வேண்டும். தலைக்குக் குளித்த ஈரத்தோடு மாட்டினால் நாற்றமும் அரிப்பும் வரும். உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டால் வேர்வையை அது இழுத்துக்கொள்கிறது, துணியைத் தினம் துவைத்தும் விடலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். பூச்சரத்தை ஈரத்துணியில் சுற்றி, சின்னவன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பழைய டப்பாவில் வைத்து மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். ஹெல்மெட்டை மாட்டியதும் எதிர்வீட்டு மாமி திண்ணையிலிருந்து, "என்னடி, சண்டைக்கா போறே?" என்றார்.

பெரியவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். படி இறங்கி வந்தான். "பட்டை லூசா இருக்கும்மா, இரு" என்று என் தாடைக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்து, இழுத்து, கிளிக்கென்று மாட்டினான்.

இப்போதெல்லாம் கோயில் வாசல் பூக்காரம்மா என்னைக் கண்டதும் கையை நீட்டி டப்பாவைத் தான் கேட்கிறாள். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேர் டப்பாவோடு வருகிறார்களாம். வண்டி விஷயம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மூன்றாம் வருஷம் முடியட்டும் என்று அவர் சொல்கிறார், தீபாவளிக்கே வேண்டும் என்று இவன் சொல்கிறான். புடவைக் காப்பு உள்ள வண்டியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கட்சி.